அறுபத்தொன்றாம் சோழி

ஜூன் 3, 2019, திங்கள்

காலை பத்தரைக்கு மத்தில்டா வந்தாள். சவரிராயனின் ஒரே மகள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள், நடை மட்டும் அப்படியே அப்பாவின் நடை. சவரிராயன் ஈஸ்டருக்கு முந்திய வாரம் இறந்துபோனார். நான் அடக்கத்துக்குப் போகவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல். (காய்ச்சல் இருந்தது உண்மை. 99.2.)

அவள் கையில் தகர பிஸ்கட் டப்பா ஒன்று. அதில் அறுபத்தொரு சோழிகள். சீன தேசத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் காசாகப் புழங்கியவை சில. கடலிலிருந்து வரும் சோழி போதாமல் எலும்பிலும் கல்லிலும் வெண்கலத்திலும் அந்தக் காலத்தவரே செய்துகொண்டவை மற்றவை. சவரிராயனின் தகப்பனார் வியட்நாமின் சைகோனில் வங்கி எழுத்தராக இருந்தபோது, அங்கே சோலோன் சந்தையில் ஒரு சீனக் கடைக்காரரிடம் ஒவ்வொன்றாக வாங்கினாராம். புதுச்சேரிக்குக் குடும்பம் திரும்பியபோது பாத்திரம் பண்டமெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு இந்த டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்தார்கள் என்று சவரிராயன் சொல்வார்.

மத்தில்டா ஜூலை 17 அன்று பிரான்சில் இருக்கும் மகனிடம் போகிறாள். திரும்புவதாக இல்லை. எங்கள் நாணய வட்டம் கூடும் நூலக மாடியில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. டப்பா அங்கே அப்பா பெயரில் இருக்க வேண்டும் என்கிறாள். அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் வட்டத்தின் பரிசோதகர் சான்று எழுதித் தர வேண்டும். முப்பது வருஷமாகப் பரிசோதகர் நான்தான்.

"கல்லறையில மட்டும் அப்பா பேரு இருந்தாப் போதாது மாமா. அவரு ஆசைப்பட்ட எடத்துல இருக்கணும்" என்றாள்.

ஒரு மாதம் கேட்டேன். அவள் போன பிறகுதான் காபி கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஜூன் 4, செவ்வாய்

1 முதல் 20 வரை முடிந்தது. எல்லாம் இயற்கைச் சோழி. முதுகைத் தேய்த்துத் துளையெடுத்திருக்கிறார்கள், கயிற்றில் கோக்க. எடை, நீளம், அகலம், தேய்ப்பின் வடிவம் எல்லாம் குறித்தாயிற்று. சந்தேகத்துக்கு இடமில்லை.

தண்ணீர் மோட்டார் இழுக்கவில்லை. ஆள் நாளைக்கு வருகிறானாம்.

ஜூன் 6, வியாழன்

21 முதல் 44 வரை. எலும்பு, கல். 38-ஆம் எண் பச்சைக் கல்லில் செய்தது. வாயோரத்துப் பல் வரிகள் பதினொன்றும் கையால் அறுத்தவை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.

செண்பகவல்லி எட்டிப் பார்த்து, சோழிக்குப் பதிலாகச் செய்த கல் போலிதானே, அதற்கு எதற்குச் சான்று என்று கேட்டாள். மூவாயிரம் வருஷத்துக்கு முன் செய்த போலி அசல், அதைப் பார்த்து நாற்பது வருஷத்துக்கு முன் செய்ததுதான் போலி என்று விளக்கினேன். "போலியில அசல், போலியில போலி. இதுக்கு ஒரு பரிசோதகர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வட்டத்தின் மாதக் கூட்டம். டப்பா வந்த செய்தி பரவியிருக்கிறது. செயலாளர் கலியபெருமாள் நான் மாடிப்படி ஏறும்போதே, "சார்கிட்ட சோழி வந்துடுச்சு, இனிமே கிளிதான் பாக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலியபெருமாள் இரும்புக்கடை நடத்துகிறவர், குரல் தெரு முழுக்கக் கேட்கும்.

பிறகு என்னைத் தனியே அழைத்துப் பழைய நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். 1998 ஆகஸ்ட் 9. "திரு. சவரிராயன் அவர்கள் கொணர்ந்த வெண்கலச் சோழி, பேரா. சிவப்பிரகாசம் அவர்களால் பரிசோதிக்கப்பட்டு, போலி எனத் தீர்மானிக்கப்பட்டது." அது இப்போது டப்பாவில் 61-ஆம் எண். அதை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் மற்ற அறுபதும் அலமாரிக்குப் போய்விடும், யாருக்கும் சங்கடமில்லை என்றார். பார்க்கலாம் என்றேன்.

அந்த நாளை எழுதி வைக்கிறேன். வட்டத்தின் பத்தாம் ஆண்டுக் கண்காட்சிக்காகச் சவரிராயன் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். அதே வகைச் சோழி என்னிடம் ஒன்று உண்டு. 1987-இல் சென்னையில் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. சைகோனிலிருந்து வந்த சரக்கு என்றார். யார் வெண்கலச் சோழி கொண்டுவந்தாலும் என்னுடையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வேன். அன்றும் அப்படித்தான். அவருடையது அரை மில்லிமீட்டர் நீளம் கூடுதல், ஒரு கிராம் எடை குறைவு. அளவுக்குப் பொருந்தவில்லை, போலி என்றேன். பதினெட்டு பேர் இருந்தார்கள்.

அவர் என் லென்ஸைக் கேட்டு வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு "சரிங்க சார்" என்றார். டீ குடித்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

ஜூன் 10, திங்கள்

45 முதல் 52. மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூன் 13, வியாழன்

60 வரை முடிந்தது. 61-ஐ எடுக்கவில்லை. கண் வலி.

ஜூன் 14, வெள்ளி

61.

வெண்கலம். நீளம் 25.1 மி.மீ. எடை 3.2 கிராம். முதுகுப் பக்கம் குழிவு. பச்சைக் களிம்பு மேலே பூசியதுபோல் இல்லை, உள்ளிருந்து வளர்ந்திருக்கிறது. களிம்பு பெயர்ந்த இடத்தில் கீழே சிவப்பு அடுக்கு. குழிக்குள் மண் கல்லாக இறுகி, உலோகத்தோடு சேர்ந்துவிட்டது. ஊசியால் தொட்டேன், வரவில்லை. இப்படி ஆக நூற்றாண்டுகள் வேண்டும்.

இடப்புறமிருந்து நான்காவது பல் வரியில் சாய்வாக ஒரு வெட்டு. எலி கடித்ததுபோல.

இதைத் தனியாக வைத்துப் பார்த்திருந்தால் 1998-இலேயே ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். தனியாக வைத்துப் பார்க்கவில்லை.

ஜூன் 15, சனி

என்னுடையதன் பெட்டியைத் திறந்தேன். அதே நான்காவது பல். அதே சாய்வான வெட்டு. ஆனால் ஓரங்கள் மழுங்கி, பாதி தூர்ந்துபோய், ஈரச் சோப்பில் பதிந்த எழுத்துப்போல் இருக்கிறது. நீளம் 24.6. முதுகில் குழிவு குறைவு, அதனால் எடை மட்டும் 4.2 கிராம்.

ஒரு பொருளை அச்செடுத்து உலோகம் வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கும். நகல் தன் தாயைவிட எப்போதும் ஒரு சுற்றுச் சிறியது. சோலோன் கடைக்காரர் சவரிராயனின் தகப்பனாருக்கு விற்கும் முன் அச்செடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அதில் வார்த்தவற்றில் ஒன்று கைமாறி எனக்கு வந்திருக்கிறது. என் பீரோவில் வெல்வெட்டில் கிடப்பது அவருடையதன் நகல். நகலை வைத்துக்கொண்டு, தாய் உன்னைப்போல் இல்லை, ஆகவே அது பொய் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்தினேன். வெப்பத்தால் விரிவு, குளிர்ச்சியால் சுருக்கம்: முதலாண்டு, இரண்டாம் பாடம்.

இதை இன்றுதான் கண்டுபிடித்தேன்.

ஜூன் 19, புதன்

61-க்கு என்ன எழுதுவது? இதுவரை எழுதி அடித்தவை: "மேலும் ஆய்வுக்குரியது." "முன்னர் ஐயத்துக்குள்ளானது, தற்போது மறுபரிசீலனையில்." "கருத்து வேறுபாடு உண்டு." கடைசியாகச் சொன்னதில் யாருக்கும் யாருக்கும் வேறுபாடு என்று கேட்டால் பதில் இல்லை.

ஒரு வரி எழுத எத்தனை நாள் என்று செண்பகவல்லி கேட்டாள். பிறகு அவளாகவே, சவரிராயன் வீட்டிலிருந்து கிறிஸ்மஸுக்கு நெம் வருமே, அரிசித் தாளில் இறால் வைத்துச் சுருட்டிப் பொரித்தது, அது ஏன் நின்றுபோனது என்றாள். எந்த வருஷம் என்று யோசித்துப் பார்த்தாள். நான் உதவவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மத்தில்டா வீட்டுக்குப் போனேன். ஏழு தெருதான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். வழியில் இரண்டு தடவை வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் பாதி சாமான் போய்விட்டது. நாற்காலி ஒன்றுதான். அதில் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். காபி கொடுத்தாள். குடித்து முடித்ததும் என் வாயிலிருந்து வந்தது இது: "அந்த 61-ஐ மட்டும் எடுத்துட்டா வேலை சுலபமா முடியும்மா. பழைய தீர்மானம் ஒண்ணு இருக்கு."

நான் சொல்ல வந்தது அதுவல்ல. சொன்னது அதுதான்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா அன்னிக்கு வீட்டுக்கு வந்து சட்டையக்கூடக் கழட்டல மாமா. அம்மா என்னன்னு கேட்டாங்க. 'சார்கிட்ட இருக்கறது நம்மளோடதுலேர்ந்து வார்த்தது. பல்லுல இருக்கற வெட்டுகூட அப்படியே இருக்கு'ன்னாரு. அதை அங்கயே சொல்றதுக்கு என்னன்னு அம்மா சத்தம் போட்டாங்க. 'அத்தினி பேருக்கு முன்னாடி நிக்கறாரு. படிச்ச மனுஷன். நான் எப்படிச் சொல்லுவேன்'னாரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. இத்தினி வருஷம் சொல்லல. டப்பாவ உங்ககிட்ட கொண்டாந்தப்பக்கூடச் சொல்லல. பாத்தா நீங்களே எழுதிருவீங்கன்னு நெனச்சேன்." எழுந்து என் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "எடுக்கணும்னா எடுத்துருங்க. அப்ப மீதி அறுபதும் எங்கூட வந்துரும். போலி வச்சிருந்தவருன்னு அப்பா பேர இந்த ஊர்ல விட்டுட்டுப் போகமாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். நான் சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சரி என்று சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜூன் 26, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 1, திங்கள்

ஜூன் 15 பதிவில் ஒரு பிழை இருக்கிறது. திருத்துகிறேன்.

"இன்றுதான் கண்டுபிடித்தேன்" என்பது தவறு. 2006 மார்ச்சில் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு நுண்ணோக்கியை இரண்டு நாள் இரவல் வாங்கியிருந்தேன். என் சேகரிப்பை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது என் வெண்கலச் சோழியின் முறை வந்தது. பரப்பெல்லாம் குண்டூசித் தலைபோல் காற்றுக்குமிழிகள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தேன். பச்சை பஞ்சோடு வந்துவிட்டது. கீழே புதுப் பித்தளை நிறம்.

அன்றைக்கே சவரிராயனுடையது நினைவுக்கு வந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வந்தது. நான்காவது பல்லும் நினைவுக்கு வந்தது. பஞ்சைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பெட்டியை மூடி நூலால் கட்டினேன். அதன் பிறகு அதைத் திறந்தது இந்த ஜூன் 15-இல்தான்.

அவர் அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவையாவது பெரிய மார்க்கெட்டில் எதிர்ப்படுவோம். எப்போதும் அவர்தான் முதலில் கையெடுத்துக் கும்பிடுவார். "சார், சுகர் எப்படி இருக்கு?" என்பார். நான் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்பேன். அவர் விலையைச் சொல்லிவிட்டு, எந்தக் கடையில் இன்று நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லுவார். அவர் என்ன நினைத்துக்கொண்டு சொன்னார் என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். அவருக்கு எல்லாம் தெரியும், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

2006-க்கும் 2019-க்கும் நடுவே பலமுறை மாடிப்படி ஏறிப் பரிசோதகர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

என் சோழியை அளவாக வைத்து வேறு யாருக்கெல்லாம் போலி என்று சொன்னேன் என்று பழைய குறிப்புகளைத் தேடினேன். நான்கு பேர். இருவர் இறந்துவிட்டார்கள். ஒருவர் ஊரில் இல்லை. நான்காமவர் வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். இன்று தொலைபேசியில் பிடித்தேன். அந்தச் சோழி இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் போலி என்று சொன்னதும் பழைய பித்தளையோடு உருக்கப் போட்டுவிட்டேன் என்றார். "ஒரு குத்துவிளக்குல எங்கயாவது இருக்கும் சார்" என்று சிரித்தார். ஏன் கேட்கிறீர்கள் என்றார். சும்மாதான் என்றேன்.

அது உண்மையானதா, போலியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஜூலை 9, செவ்வாய்

மருந்து வாங்கினேன். குடைக்குக் கம்பி போட்டேன். எழுதவில்லை.

ஜூலை 13, சனி

சான்று எழுதி முடித்தேன். 61: "வெண்கலச் சோழிக் காசு. தொன்மையானது. உண்மையானது." காரணங்கள் நான்கு. எதனோடும் ஒப்பிட்டு எழுதவில்லை. அந்தப் பொருளில் உள்ளதை மட்டும் எழுதினேன்.

நாளை கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கமும் எழுதியிருக்கிறேன். 1998-இல் நான் செய்த ஒப்பீடு, அதன் பிழை, வருத்தம். சரியாக ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. 2006 அதில் வரவில்லை. பக்கத்தில் இடம் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

மாலை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இன்று பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். கடற்கரைச் சாலையில் பாண்டு வாத்தியம். நூலக மாடி ஜன்னலைச் சாத்தியும் சத்தம் வந்தது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மத்தில்டா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், கையில் நன்கொடைப் படிவம்.

சான்றைப் படித்தேன். பிறகு அந்தப் பக்கத்தைப் படித்தேன். தாளை மேஜைமேல் வைத்துப் படித்தேன். என் சோழியையும் 61-ஐயும் ஒரு தட்டில் வைத்து அனுப்பினேன். லென்ஸும் கூடவே போனது. "சார் சொல்றது சரிதான், இந்தா, பல்லப் பாரு" என்று ஒருவர் அடுத்தவரிடம் காட்டினார். உட்கார்ந்தேன்.

நான் எதிர்பார்க்காதது நடந்தது. கை தட்டினார்கள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எழுந்து, இந்த வயதில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் தானே சொல்வது எத்தனை பேருக்கு வரும் என்றார். மறுபடி கை தட்டினார்கள். கலியபெருமாள், "பெரிய மனசு சார் உங்களுக்கு. அந்தக் காலத்துல நம்மகிட்ட என்ன கருவி இருந்துச்சு, யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தீர்மானத்தைத் திருத்தி எழுதப் புத்தகத்தைத் திறந்தார். யாரோ என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். ஒரு நிமிஷம், அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மத்தில்டா கை தட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. படிவத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். இன்னொன்று இருக்கிறது என்றேன். பாண்டுச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் சொன்னேன்.

"நான் இத இப்ப கண்டுபிடிக்கல. 2006-லயே எனக்குத் தெரியும். என்னோடதுதான் போலின்னும் தெரியும், அவரோடது உண்மைன்னும் தெரியும். அப்ப அவரு உயிரோட இருந்தாரு. ஏழு தெரு தள்ளி இருந்தாரு. பதின்மூணு வருஷம் நான் சொல்லல."

திரும்பி வந்திருந்த தட்டிலிருந்து 61-ஐ எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும். இந்த மேஜையிலயே பாத்துட்டாரு. எனக்குத் தலைகுனிவாயிடும்னு சொல்லாம போனாரு."

இதற்குக் கை தட்டவில்லை. வங்கி மேலாளர் தன் செருப்பைப் பார்த்தார். முதுகைத் தட்டியவர் கையை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கை அதுவரை அங்கே இருந்தது தெரிந்தது.

கலியபெருமாளின் பேனா நின்றிருந்தது. வழக்கமான குரலில் அவர் பேசவில்லை. "சார், இதையும் எழுதணுமா?"

"எழுதுங்க."

"நடவடிக்கைப் புத்தகம் சார். யார் வேணும்னாலும் எடுத்துப் படிப்பாங்க. காலத்துக்கும் இருக்கும்."

"அவரப் பத்தி எழுதினதும் அதுலதான் இருவத்தோரு வருஷமா இருக்கு" என்றேன்.

எழுதினார். படித்துக் காட்டச் சொன்னேன். "பரிசோதகர் 2006-ஆம் ஆண்டு முதல் இதனை அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை" என்று இருந்தது. திருத்த எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். பரிசோதகர் என்று கீழே எழுதப் போய், நிறுத்தி, பெயரை மட்டும் எழுதினேன்.

எல்லோரும் டீ குடிக்க வராந்தாவுக்குப் போனார்கள். சீக்கிரமாகவே போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். மத்தில்டா மேஜைக்கு வந்தாள். மடித்த படிவத்தைப் பிரித்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது. நான் முழுதும் சொல்லும்வரை அவள் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்பா மன்னித்திருப்பார் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். வெட்கம்கெட்டு எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"பேனா குடுங்க மாமா" என்றாள்.

கொடுத்தேன். முழுப் பெயரும் எழுதினாள், மத்தில்டா சவரிராயன் என்று, ஒவ்வொரு எழுத்தாக. மூடியைத் திருகி மூடி, பேனாவை என் முன்னால் மேஜையில் வைத்தாள். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.